எது கள்ள உபதேசம்?

கோவில்பட்டிக்குக் கிழக்கே உள்ள கரிசல் ஊர்களில் ஒன்று எங்களுடையது. 1996-இல், ஆடி மாசத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், ஆராதனை முடிகிற நேரம் ஐயர் ஒரு அறிவிப்பு வாசித்தார். ஊருக்குள் கள்ள உபதேசம் நுழைந்துவிட்டது, ஆடுகளை ஓநாய் கொண்டுபோகப் பார்க்கிறது, சபையார் விழிப்பாக இருக்க வேண்டும் என்று ஆரம்பித்து, யார் யார் எச்சரிக்கப்படுகிறார்கள் என்று வகைப்படுத்திச் சொன்னார். தீப்பெட்டி ஆபீசுக்குப் பக்கத்தில் தகரக் கொட்டகையில் நடக்கும் பெந்தெகொஸ்தே கூட்டத்துக்குப் போகிறவர்கள். குழந்தையில் வாங்கிய ஞானஸ்நானம் செல்லாது என்று சொல்லிக் கிணற்றில் முழுக்கு எடுத்தவர்கள். சனிக்கிழமை ஓய்வுநாள் பேசுகிறவர்கள். திருந்தாவிட்டால் அவர்களுக்குத் திருவிருந்து கிடையாது. பிள்ளைகள் கல்யாணத்துக்கு ஓலை வாசிக்கப்படாது. கல்லறைத் தோட்டத்தில் இடம் கிடையாது.

கொடியங்குளத்தில் போலீஸ் புகுந்து ஒரு வருசம் ஆகப்போகிற சமயம் அது. சுற்று வட்டாரத்தில் டீக்கடைப் பேச்செல்லாம் சாதிக் கலவரம்தான். எங்க சபையில் அதைப்பற்றி ஒரு ஜெபம்கூடக் கிடையாது. ஓநாய் வேறு பக்கமிருந்து வருவதாகத்தான் எங்களுக்குச் சொல்லப்பட்டது.

வீடு வீடாகப் போய்ப் பேச மூன்று பேரைக் கொண்ட கமிட்டி போட்டார்கள். பள்ளிக்கூட வாத்தியார் ஒருவர், பெரிய தெருவில் கடை வைத்திருந்தவர் ஒருவர், நான். நான் பி.ஏ. படித்தவன், வேதபாடத் தேர்வில் பரிசு வாங்கியவன் என்று காரணம் சொன்னார்கள். உண்மையான காரணம் அதுவல்ல. கொட்டகைக்குப் போனவர்களில் முக்கால்வாசிப் பேர் எங்க தெரு. எங்க தெரு பறைத்தெரு. ஊரில் அப்படித்தான் சொல்வார்கள், சபை ரிஜிஸ்தரில் மட்டும் 'தெற்குத் தெரு' என்று மரியாதையாக எழுதியிருக்கும். அங்கே வீட்டுக்குள் போய் உட்கார்ந்து பேச ஒரு ஆள் வேண்டும். கமிட்டியின் மற்ற இரண்டு பேரும் தெரு முனையில் வேப்ப மரத்தடியிலேயே நின்றுகொண்டார்கள். மந்தையைக் காக்க வந்தவர்கள் தொழுவத்துக்குள் கால் வைக்கவில்லை.

நான் முதலில் போனது என் பெரியம்மா வீட்டுக்கு.

"வாய்யா. சபையில இருந்து வந்திருக்கியா, பெரியம்மாவப் பாக்க வந்திருக்கியா?"

"ரெண்டுந்தான் பெரியம்மா."

"அப்பம் மொதல்ல சபை வந்த சோலியப் பேசு. பெறவு காப்பி போடுதேன்."

பேசினேன். ஞானஸ்நானம் ஒன்றே போதும், அந்நிய பாஷை எல்லாருக்கும் உரியதல்ல, தசமபாகம் என்று கேட்பது பழைய ஏற்பாட்டுக் கணக்கு என்று எனக்குச் சொல்லிக்கொடுத்த எல்லாவற்றையும் ஒப்பித்தேன். அவள் தீப்பெட்டி ஆபீசில் குச்சி அடுக்கிக் காய்த்துப்போன விரல்களை நீவிக்கொண்டே கேட்டாள். பிறகு சொன்னாள்:

"அந்தப் பாஸ்டர் தம்பி எந்த ஊரோ, என்ன சாதியோ எனக்குத் தெரியாது. அவருக்கும் என்னத் தெரியாது. மொத நா போனதும் எந் தலையில கைய வச்சு ஜெபம் பண்ணுனாரு. எனக்கு வயசு அறுவத்தி ரெண்டு. சின்னப் பிள்ளையில திடப்படுத்தல் அன்னைக்கு பிஷப்பு தொட்டாரு. அதுக்குப் பெறகு நம்ம கோயில்ல எந் தலைய எவரு தொட்டாக, சொல்லு."

நான் பேசாமல் இருந்தேன்.

"அது கள்ள உபதேசம், இது நல்ல உபதேசம். அப்படித்தானேய்யா?"

காப்பி குடித்துவிட்டு வெளியே வந்தேன். வேப்ப மரத்தடியில் நின்றவர், "என்னப்பா, சொல்லிட்டியா?" என்றார். தலையாட்டினேன். வாத்தியார் நோட்டில் 'சந்தித்து எச்சரிக்கப்பட்டது' என்று எழுதி என்னிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டார்.

இப்போது எனக்கும் அந்த வயசு நெருங்குகிறது. அன்று அவளுக்குச் சொல்லத் தெரியாத பதிலைத் தேடித்தான் இதை எழுதுகிறேன். கேள்வி சின்னதுதான். சபையைக் கள்ள உபதேசத்திலிருந்து காக்க வேண்டும் என்கிறார்கள். நானும் ஒத்துக்கொள்கிறேன், காக்கத்தான் வேண்டும். எது கள்ள உபதேசம் என்று யார் முடிவு பண்ணுகிறார்கள்?

அந்த அறிவிப்பில் வராத ஒரு விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். எங்க பக்கத்தில் ஸ்தோத்திரப் பண்டிகைக்கு அசனம் உண்டு. கம்பு, உளுந்து, மிளகாய் வத்தல் என்று காட்டில் விளைந்ததைக் கோயிலில் படைத்து ஏலம் விட்டு, மறுநாள் அண்டா அண்டாவாகச் சோறாக்கி ஊரே உட்கார்ந்து சாப்பிடுவது. இந்து முஸ்லிம் என்று பார்க்காமல் எல்லாரையும் கூப்பிடுவார்கள் என்று பெருமையாகச் சொல்வார்கள். எங்க தெருவுக்குப் பந்தி கிடையாது, பாத்திரம்தான். "ஒங்க தெருவுக்குச் சட்டி கொண்டாந்து வாங்கிட்டுப் போயிருங்க, கூட்டம் ஜாஸ்தி" என்பார்கள். வருசா வருசம் கூட்டம் எங்களுக்கு மட்டும் ஜாஸ்தியாக இருந்தது. திருவிருந்திலும் அப்படித்தான். பெரிய தெரு ஆண்கள், பெண்கள், அப்புறம் நாங்கள். ஒரே கிண்ணம்தான், கடைசியில் எங்களிடம் வரும். இப்படி ஒரு விதி எங்கேயும் எழுதப்படவில்லை. கேட்டால் சொல்கிற வார்த்தை ஒன்றுதான்: "அது பழக்கம்."

இந்த 'பழக்கம்' என்ற சொல்லுக்கு நம்ம நாட்டுக் கிறிஸ்தவத்தில் நானூறு வருச வரலாறு இருக்கிறது. மதுரைக்கு 1606-இல் வந்த ராபர்ட் டி நொபிலி பூணூலும் குடுமியும் சந்தனமும் மதத்தின் அடையாளங்கள் அல்ல, குலத்தின், மரியாதையின் அடையாளங்கள் என்று வாதாடினார். அவர்மேல்தான் முதலில் கள்ள உபதேசப் புகார் போனது. 1623-இல் போப் பதினைந்தாம் கிரகோரி அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னார். இதைத் தமிழ்ப் பண்பாட்டுக்குக் கிடைத்த வெற்றி என்று பாராட்டி எழுதியவர்கள் அநேகம். எந்தத் தமிழரின் பண்பாடு என்று கேட்டவர்கள் குறைவு. பிராமண சந்நியாசியாக வாழ்ந்தவர் பறையர்களோடு பழக முடியாது. அதனால் 1640-க்குப் பிறகு தாழ்ந்த சாதிகளுக்கென்று பண்டாரசாமிகள் என்ற தனிவகைக் குருக்கள் வந்தார்கள். கோவில்பட்டிப் பக்கத்துக் காமநாயக்கன்பட்டியில் 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வீரமாமுனிவர் ஊழியம் செய்தது இந்த ஏற்பாடு வேர் பிடித்துவிட்ட காலத்தில்தான்.

1703-இல் புதுச்சேரிக்கு வந்த போப்பின் பிரதிநிதி தூர்னோன், 1704-இல் மலபார்ச் சடங்குகள் என்று சொல்லப்பட்ட இந்த வழக்கங்கள் பலவற்றுக்குத் தடை போட்டார். அதில் ஒன்று, சாகக் கிடக்கிற தாழ்ந்த சாதிக்காரன் வீட்டுக்குள் போய்க் குருவானவர் கடைசித் தேவதிரவிய அனுமானம் கொடுக்க வேண்டும் என்பது. இதற்கு நாற்பது வருசம் சண்டை நடந்தது. பூணூலுக்கு நடந்த வாதத்தைவிட எனக்கு இதுதான் முக்கியமாகப் படுகிறது. சாகிற மனுசன் வீட்டு வாசற்படியைக் குரு தாண்டலாமா என்று நாற்பது வருசம்! 1744-இல் போப் பதினான்காம் பெனடிக்ட் தாண்டத்தான் வேண்டும் என்றார். சேசு சபையார் ஒரு வழி கண்டுபிடித்தார்கள்: பறையர்களுக்கென்றே தனி மிஷனரிகளை வைத்துக்கொள்கிறோம் என்றார்கள். போப்பும் ஒத்துக்கொண்டார். கட்டளையும் நிறைவேறியது, பழக்கமும் பிழைத்துக்கொண்டது.

புராட்டஸ்டண்டுகள் யோக்கியமா என்றால், தரங்கம்பாடிக் காலத்திலிருந்தே கோயிலுக்குள் பாய் தனி, வரிசை தனி. பிஷப் ஹீபர், 1826-இல் திருச்சியில் இறந்தவர், சாதியை ஏறக்குறைய தன் நாட்டு அந்தஸ்து வித்தியாசம் மாதிரி எடுத்துக்கொண்டார். அடுத்தடுத்து வந்தவர்களில் டேனியல் வில்சன்தான் 1833-இல் சாதியை உடனே, முழுசாக, திரும்பிப் பார்க்காமல் விட வேண்டும் என்று சுற்றறிக்கை அனுப்பினார். தஞ்சாவூரிலும் சென்னை வேப்பேரியிலும் வேளாளக் கிறிஸ்தவர்கள் கூட்டம் கூட்டமாக வெளியேறினார்கள். தமிழ்க் கிறிஸ்தவக் கீர்த்தனைகளின் பெரும்புலவர் வேதநாயகம் சாஸ்திரியாரே சாதி வித்தியாசத்தை விடச் சொல்கிறவர்களை எதிர்த்து எழுதினார். அவர் பாட்டைப் பாடாத ஞாயிறு எங்களுக்குக் கிடையாது. தெற்குத் தெருவிலும் பாடுவோம், கண்ணீர் வரும். இதை எப்படி எடுத்துக்கொள்வது என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

1847-இல் மதுரை அமெரிக்க மிஷன் இன்னும் நேரடியாகப் போனது. உபதேசியார்களை ஒன்றாக உட்கார வைத்துச் சாப்பிடச் சொன்னது. எழுந்து போனவர்களை வேலையிலிருந்து நீக்கியது. அதே காலத்தில் லைப்சிக் லுத்தரன் மிஷன், சாதி என்பது சமூக வழக்கம், சுவிசேஷம் மெதுவாக அதைக் கரைக்கும் என்று பேசியது. வேறு மிஷன்களில் கோபித்துக்கொண்ட மேல்சாதிக் கிறிஸ்தவர்கள் அநேகர் அங்கே போய்ச் சேர்ந்தார்கள். இன்றைக்கு 'ஆடு திருடுகிறார்கள்' என்று பெந்தெகொஸ்தேக்காரர்களைத் திட்டுகிறோம். அன்றைக்கு ஆடுகள் தாமாகவே சாதி உள்ள தொழுவத்தைத் தேடிப் போயின. அவர்களை யாரும் கள்ள உபதேசத்துக்குப் போனவர்கள் என்று ரிஜிஸ்தரில் எழுதவில்லை.

வடக்கன்குளம் கதை எல்லாருக்கும் தெரியும். ஒரே பீடத்துக்கு முன்னால் கால்சட்டை மாதிரி இரண்டு பிரிவாகக் கோயில் கட்டி, பிள்ளைமாருக்கு ஒன்று, நாடார்கள் முதலானவர்களுக்கு ஒன்று. 1910-இல் கௌசானல் அடிகள் தடுப்பை இடித்தார். பிள்ளைமார் வழக்குப் போட்டு உயர்நீதிமன்றம் வரை போய்த் தோற்றார்கள். இடித்த அடிகளாரை மதிக்கிறேன். ஆனால் அந்தச் செங்கல்லும் சுண்ணாம்பும் எழும்பியபோது, பீடத்தில் நின்று பூசை வைத்தவர்கள் விசுவாசப் பிரமாணத்தில் எந்த வரியையும் விட்டுவிட்டுச் சொல்லவில்லை. ஒரே பரிசுத்த சபை என்று முழுசாகத்தான் சொல்லியிருப்பார்கள். சுவர் உபதேசத்துக்கு விரோதமாக யாருக்கும் தோன்றவில்லை. அது பழக்கம்.

இதற்கு மறுபக்கமும் இருக்கிறது. சபை உண்மையிலேயே கோபத்தோடு கள்ள உபதேசம் என்று முத்திரை குத்திய ஒரு ஆள் நம்ம ஜில்லாவிலேயே இருந்தார். அருமைநாயகம் என்கிற சட்டம்பிள்ளை. சாயர்புரத்தில் படித்து, நாசரேத்தில் உபதேசியாராக இருந்து, மிஷனரியோடு மோதி நீக்கப்பட்டவர். நாடார்களைப்பற்றிக் கால்டுவெல் 1849-இல் எழுதிய புத்தகத்தை எதிர்த்து நின்றவர். 1857-இல் நாசரேத் பக்கத்தில் வெள்ளைக்காரர் தயவில்லாத தனிச் சபை ஒன்றை ஆரம்பித்தார். சனிக்கிழமை ஓய்வுநாள், தமிழ் வழிபாட்டு முறைகள், யூத ஆசாரங்கள் எல்லாம் கலந்தது அது. மிஷனரிகளுக்கு ஓய்வுநாள்தான் பெரிய குற்றமாகத் தெரிந்ததா, அல்லது கறுப்புத் தோல்காரன் ஒருவன் வேதத்தைத் தானே விரித்து வாசித்து 'நீ எனக்கு வேண்டாம்' என்று சொன்னதா? எனக்கு இரண்டாவதுதான் என்று தோன்றுகிறது. சட்டம்பிள்ளையை நான் நம்ம ஆளாக்கப் பார்க்கவில்லை. அவர் சபை பெரும்பாலும் ஒரே சாதிக்குள் நின்ற சபைதான், எங்களுக்கு அதிலும் பந்தி இல்லை. ஆனால் சபையின் காவல் நாய் எதைப் பார்த்துக் குரைத்தது, எதைப் பார்த்து வாலாட்டியது என்பதற்கு அவர் சாட்சி. கிழமை மாறினால் குரைக்கும். பந்தி பிரிந்தால் படுத்துக்கொள்ளும்.

1857 என்ற வருசம் இன்னொரு காரணத்துக்காகவும் என் மனசில் நிற்கிறது. அதே வருசம் தென்னாப்பிரிக்காவில் டச்சு ரிஃபார்ம்டு சபையின் மாமன்றம் கூடியது. வெள்ளையர்களும் கறுப்பர்களும் ஒன்றாக ஆராதிப்பதுதான் வேதத்துக்கு ஏற்றது. ஆனால் 'சிலருடைய பலவீனம்' காரணமாக அவர்களைத் தனியாக வைத்து ஆராதனை நடத்தலாம் என்று தீர்மானம் போட்டார்கள். கவனிக்க வேண்டும், உபதேசத்தை மாற்றவில்லை. பலவீனத்துக்கு இடம் கொடுத்தார்கள், அவ்வளவுதான். பலவீனம் வெள்ளைக்காரனுடையது, வெளியே நின்றவன் கறுப்பன். அந்தச் சின்னச் சலுகை தனித்தனிச் சபைகளாகி, 1948-க்குப் பிறகு ஒரு நாட்டின் சட்டத்துக்கே வேத ஆதாரமாகிவிட்டது. 1982-இல் ஒட்டாவாவில் கூடிய ரிஃபார்ம்டு சபைகளின் உலகக் கூட்டமைப்பு, நிறவெறி பாவம், அதற்கு இறையியல் நியாயம் கற்பிப்பது கள்ள உபதேசம் என்று அறிவித்தது. அந்த வெள்ளைச் சபைகளின் உறுப்புரிமையை நிறுத்தி வைத்தது. கறுப்பின இறையியலாளர் ஆலன் போசக்கைத் தலைவராகத் தேர்ந்தெடுத்தது. கலப்பினத்தவருக்கென்று பிரித்து வைக்கப்பட்ட சபை அதே வருசம் எழுதத் தொடங்கி 1986-இல் ஏற்றுக்கொண்டதுதான் பெல்ஹார் அறிக்கை. அதாவது 'பலவீனம்' என்று ஆரம்பித்ததை 'உபதேசம்' என்று ஒத்துக்கொள்ள வைக்க நூற்று இருபத்தைந்து வருசம் ஆனது.

இங்கே அப்படி ஒரு அறிவிப்பு வந்ததா? சாதி பாவம் என்று அறிக்கைகள் வந்திருக்கின்றன, மறுக்கவில்லை. பாவம் வேறு, கள்ள உபதேசம் வேறு. பாவத்துக்கு ஞாயிற்றுக்கிழமை பொதுப் பாவ அறிக்கையில் மன்னிப்புக் கிடைத்துவிடும். கள்ள உபதேசத்துக்குத்தான் கமிட்டி போடுவார்கள், கல்லறையில் இடம் மறுப்பார்கள். சாதிக்காரன் பாவியாகவே இருந்துகொண்டு கமிட்டியில் உட்காரலாம்.

வேத புத்தகம் இதை இப்படிப் பிரிக்கவில்லை என்பதுதான் எனக்குப் பின்னாளில் கிடைத்த வெளிச்சம். கலாத்தியருக்கு எழுதிய நிருபத்தில் பவுல், வேறொரு சுவிசேஷத்தைப் பிரசங்கிக்கிறவன் தேவதூதனாக இருந்தாலும் சபிக்கப்பட்டவன் என்று கொதிக்கிறார். கள்ள உபதேசத்தைப்பற்றிப் பேசுகிறவர்கள் எல்லாரும் இந்த இடத்தைத்தான் காட்டுவார்கள். எங்க ஐயரும் காட்டினார். அடுத்த அதிகாரத்தை யாரும் சேர்த்து வாசிப்பதில்லை. அந்தியோகியாவில் பேதுரு புறஜாதியாரோடு ஒரே பந்தியில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். எருசலேமிலிருந்து யாக்கோபுடைய ஆட்கள் வந்ததும் பயந்து பந்தியை விட்டு விலகிக்கொண்டார். அவரைப் பார்த்து மற்ற யூதரும் விலகினார்கள், பர்னபாவும் இழுபட்டுப் போனார். பேதுரு எந்த உபதேசத்தையும் மாற்றவில்லை, ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. எழுந்து வேறு இடத்தில் உட்கார்ந்தார், அவ்வளவுதான். நம்ம ஊர் வார்த்தையில் சொன்னால் பழக்கம். பவுல் எல்லார் முன்னாலும் முகத்துக்கு நேரே அவரைக் கண்டித்தார். அதைச் சமூகப் பிரச்சினை என்று சொல்லவில்லை, சுவிசேஷத்தின் சத்தியத்தை விட்டுத் தடம் மாறுவது என்றார். சாபம் போடுகிற முதல் அதிகாரத்துக்குப் பக்கத்திலேயே இருப்பது ஒரு சோற்றுப் பந்தி. உட்காருகிற இடமே உபதேசம் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. எங்க அசனத்தில் சட்டி தூக்கிக்கொண்டு நின்றவர்களுக்கும் தெரியும்.

மதுரை அரசரடி இறையியல் கல்லூரியில் இருந்த தியோபிலஸ் அப்பாவு, பரட்டை என்று நாம் அறிந்தவர், 2005-இல் காலமானவர், இதைத்தான் நாட்டுப்புற மெட்டிலும் பறையிலும் வழிபாடாக்கினார். ஒரே உலையில் பொங்கிச் சேர்ந்து தின்பது அவருக்குத் திருவிருந்தின் உள்ளடக்கமாகவே இருந்தது. அவர் பாட்டு எங்க பக்கத்து வாலிபர் கூட்டங்களிலும் பாடப்பட்டது. பாட்டை ஏற்றுக்கொண்டார்கள், உலையைத்தான் தனியாக வைத்துக்கொண்டார்கள்.

அரசாங்கம் பண்ணிய வேடிக்கையையும் சொல்ல வேண்டும். 1950-ஆம் வருசத்து குடியரசுத் தலைவர் ஆணை, இந்து அல்லாத ஒருவர் பட்டியல் சாதியாக முடியாது என்றது. 1956-இல் சீக்கியரையும் 1990-இல் பௌத்தரையும் சேர்த்துக்கொண்டார்கள். கிறிஸ்தவத்தில் சாதி இல்லை என்ற நம்பிக்கை நம்ம ஆயர்களைவிட டெல்லிக்கு அதிகம் போலிருக்கிறது. சென்னையில் செருப்புத் தைத்த சூசை என்பவரின் வழக்கில் 1985-இல் உச்சநீதிமன்றம், மதம் மாறிய பிறகும் அதே இழிவு அதே அளவில் தொடர்கிறது என்பதற்கு ஆதாரம் காட்டவில்லை என்று தள்ளியது. அதற்குப் பிறகு சபைத் தலைவர்கள் ஊர்வலம் போனார்கள், மனுக் கொடுத்தார்கள்: சபைக்குள் சாதி இருக்கிறது, எங்கள் தலித்துகள் நசுக்கப்படுகிறார்கள். நியாயமான மனு, நானும் போனேன். ஆனால் டெல்லியில் ஆதாரமாகக் காட்டுவதை ஊரில் உபதேசப் பிசகாகக் காட்டவில்லை. 2008 மார்ச்சில் அன்றைய விழுப்புரம் மாவட்டத்து எறையூரில் தலித் கத்தோலிக்கர்கள் தங்களுக்குத் தனிப்பங்கு கேட்டதையொட்டி வன்னியக் கத்தோலிக்கர்களோடு மோதலாகி, போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இரண்டு வன்னியர்கள் செத்தார்கள். செத்தவர்களும் ஞானஸ்நானம் வாங்கியவர்கள்தான். அவர்களுக்கு யார் என்ன போதித்திருந்தார்கள்? சவ ஊர்வலம் எந்தத் தெரு வழியாகப் போகலாம் என்பதற்காக உயிர் போகிற அளவுக்கு ஒரு விசுவாசம் அவர்களிடம் இருந்தது. அது எந்த மறைக்கல்வி வகுப்பில் கற்றது?

இவ்வளவு சொல்லிவிட்டு நான் தப்பித்துக்கொள்ளப் பார்க்கிறேன் என்று எனக்கே தெரிகிறது. பெரியம்மாவிடம் திரும்பப் போக வேண்டும்.

அவளுக்குச் சர்க்கரை வியாதி இருந்தது. கவர்மெண்ட் மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். கொட்டகையில் ஒரு கன்வென்ஷன் நடந்தது, வெளியூரிலிருந்து பிரசங்கியார் வந்தார். வியாதியும் வறுமையும் பரம்பரைச் சாபம், விசுவாசித்தால் நீங்கிவிடும், சுகமாகிவிட்டது என்று நம்புகிறவனுக்கு மாத்திரை எதற்கு என்று பேசியிருக்கிறார். நான் அதைப்பற்றிக் கேள்விப்பட்டேன். அவள் வீட்டுக்குப் போனபோது கேட்டேன், "மாத்திர போடுதியா பெரியம்மா?" என்று. "ஆண்டவரு பாத்துக்கிடுவாரு" என்றாள். நான் மேற்கொண்டு ஒன்றும் சொல்லவில்லை.

ஏன் சொல்லவில்லை? நோட்டில் கையெழுத்துப் போட்ட வெட்கம். தலையைத் தொட்டவர் யார் என்ற கேள்வி தொண்டையில் நின்றது. எங்களைத் தொடாத சபையின் ஆளாகப் போய்த் தொட்ட சபையைக் குறை சொல்ல எனக்கு என்ன யோக்கியதை என்று நினைத்தேன். இதை ஒரு அரசியல் நேர்மை மாதிரிகூட எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அவளுக்குக் காலில் முள் குத்தி, புண்ணாகி, புரையோடி, முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள். 1998 மார்கழியில் இறந்தாள். பரம்பரைச் சாபம்! கர்மவினை என்று எங்க பாட்டனிடம் சொன்னதைத்தானே இவர்கள் வேறு பெயரில் சொன்னார்கள். அறுபது வருசம் குச்சி அடுக்கி, களை பறித்து, பருத்தி எடுத்தவளின் வறுமைக்குக் கூலிக்காரன் பொறுப்பில்லை, முதலாளி பொறுப்பில்லை, அவளுடைய முன்னோர்தான் பொறுப்பு என்று. அது அப்பட்டமான கள்ள உபதேசம். அதைச் சொல்ல வேண்டிய அன்றைக்கு வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

சபைக் கல்லறையில் இடம் கொடுக்கவில்லை. அறிவிப்பில் சொன்னபடிதான் செய்தார்கள், அந்த ஒன்றில் மட்டும் ரொம்பச் சுத்தம். கொட்டகைக்காரர்களுக்குச் சொந்த இடம் கிடையாது. ஓடைக்கரையில் இந்துவாக இருக்கிற எங்க சொந்தக்காரர்கள் புதைக்கிற இடத்தில் புதைத்தோம். பாஸ்டர் தம்பி வந்து ஜெபம் பண்ணினார், அழுதார். அவரை எனக்கு வெறுக்கவும் முடியவில்லை. மாத்திரையைப்பற்றிப் பேசியது அவர் இல்லை. தடுக்காதவர், என்னை மாதிரி.

தலித் தோழர்கள் சிலர் என்னிடம் கேட்கிறார்கள்: கள்ள உபதேசம் என்ற சொல்லே அதிகாரத்தின் ஆயுதம்தானே, பெண்களை, விதவைகளை, கேள்வி கேட்டவர்களை எரித்த சொல்தானே, அதை நாம் ஏன் கையிலெடுக்க வேண்டும் என்று. பாதி உண்மை. ஜெர்மனியில் 1934-இல் பார்மன் என்ற ஊரில் கூடி, ஹிட்லருக்கு ஆமாம் சாமி போட்ட கிறிஸ்தவர்களின் போதனை கள்ள உபதேசம் என்று துணிச்சலாக அறிக்கை விட்டவர்கள், அந்த அறிக்கையில் யூதர்களைப்பற்றி ஒரு வார்த்தை எழுதவில்லை. உபதேசத்தைக் காக்கிறவனுக்கும் பக்கத்து வீட்டுக்காரன் கண்ணில் படாமல் போகலாம். ஆனால் இந்தச் சொல்லை நாம் தொடாவிட்டால் அது சும்மா கிடக்கப்போவதில்லை. தினமும் யாரோ ஒருவர் கையில் எங்க தெருவை நோக்கித்தான் இருக்கிறது. சொல்லாமல் இருந்ததற்கு என்ன விலை என்று பெரியம்மா விஷயத்தில் பார்த்துவிட்டேன். பவுல் பேதுருவை வெளியே தள்ளவில்லை. பந்தியிலேயே வைத்துப் பேசினார். யாருக்கும் கல்லறை மறுக்காமல் ஒரு உபதேசத்தைத் தப்பு என்று சொல்ல முடியும் என்றுதான் நம்புகிறேன்.

போன வருசம் எங்க சபையில் மறுபடியும் ஒரு எச்சரிக்கை நோட்டீஸ் போட முடிவு பண்ணினார்கள். இப்போது கொட்டகை இல்லை, எல்லாம் செல்போனில் வருகிறது. தீர்க்கதரிசனம், ஆசீர்வாதத் திட்டம், காணிக்கை அனுப்ப நம்பர். எழுதித் தரும்படி என்னைக் கேட்டார்கள். எழுதினேன். மாத்திரையை நிறுத்தச் சொல்கிறவன், சாபம் என்று சொல்லிக் காசு வாங்குகிறவன் எல்லாவற்றையும் எழுதினேன். அவற்றுக்கு மேலே முதல் வரியாக, சாதி பார்த்துப் பந்தியையும் திருவிருந்தையும் கல்லறையையும் பிரிப்பது கள்ள உபதேசம் என்று எழுதினேன்.

இப்போதிருக்கிற ஐயர் சின்ன வயசுக்காரர், நல்லவர். அசனத்தில் எங்க தெருவில் வந்து உட்கார்ந்து சாப்பிட்டவர். சட்டி முறை அவர் காலத்தில் போய்விட்டது, கடைசிப் பந்தி எங்களுக்கு உண்டு. வாசித்துவிட்டு ரொம்ப நேரம் யோசித்தார்.

"அண்ணாச்சி, எல்லாம் சரிதான். அந்த மொத வரியில மட்டும் 'கள்ள உபதேசம்'னு வேண்டாம். 'தவறான பழக்கம்'னு போட்டுக்கிடுவோமே. பெரிய தெருவுல கையெழுத்து வாங்கணும்லா."

முடியாது என்றேன். கோபப்படவில்லை, காரணத்தைச் சொன்னேன். அவரும் கேட்டுக்கொண்டார். கமிட்டியில் வைக்கிறேன் என்று வாங்கி வைத்திருக்கிறார். மூன்று கமிட்டி முடிந்துவிட்டது. நோட்டீஸ் இன்னும் அச்சுக்குப் போகவில்லை.